ஒரே வாங்கில் நான்கு சட்டம்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிகளுக்கும் உயர்தர மாணவர்களுக்குமாக நமது சங்கம் நடத்திய கல்வி நாளில் ஆற்றப்பட்ட உரை)



இன்று எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, யாழ்ப்பாணத்தில் சட்டம் படிப்பிப்பது எப்படி நடக்கிறது என்பது. தலைப்பைக் கேட்டதும், "சம்பளப் பிரச்சினை இருக்கும்போது இது எதற்கு?" என்று சில தலைவர்மார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சம்பளத்தில் இருந்தே பதிலைத் தொடங்குகிறோம்.

2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் 1000 ரூபாய் நாட்சம்பளம் வந்தது. கம்பனிகள் உடனே நீதிமன்றம் போயின. 2024இல் 1700 ரூபாய்க்கு வர்த்தமானி வெளிவந்தது. கம்பனிகள் மறுபடியும் நீதிமன்றம் போயின. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் 1350 ரூபாயில் வந்து நின்றோம். முன்பு நம் சண்டை பெரட்டுக்களத்திலும் தொழிற்சாலை வாசலிலும் நடந்தது. இப்போது பாதிச் சண்டை கொழும்பில், கறுப்பு அங்கி போட்டவர்களுக்கிடையே, ஆங்கிலத்தில் நடக்கிறது. அந்த அறையில் நம் லயத்தில் பிறந்தவர் எத்தனை பேர் இருந்தார்கள்? இந்தக் கேள்விக்காகத்தான் இந்தத் தலைப்பு.

நாங்கள் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைக்காம்பராவைத் திறந்து வைத்துக்கொண்டு தொழிற்சட்டம் சொல்லிக் கொடுக்கிறவர்கள். ஆகவே யாழ்ப்பாணத்துச் சட்ட வகுப்பை, படிப்பிக்கிறவர் பக்கம் நின்றும் பார்க்கிறோம், பிள்ளைகளின் பக்கம் நின்றும் பார்க்கிறோம்.

திருநெல்வேலியில் ஒரு வகுப்பு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் யாழ் நகரை அடுத்த திருநெல்வேலியில் இருக்கிறது. பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடம் அது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாக ஆரம்பித்து, 1979இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. சட்டத்துறை அங்கே பிந்தி வந்தது. போர் முடிந்த காலத்தில்தான் சட்டமாணிப் பட்டத்துக்கு மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அரச பல்கலைக்கழகங்களில் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய மூன்றிலும் இந்தப் பட்டத்தைப் படிக்கலாம்.

"யாழ்ப்பாணம் என்றால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மட்டும்தானே?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. உயர்தரப் பரீட்சைப் புள்ளியை வைத்துப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிள்ளைகளைப் பிரித்து அனுப்புகிறது. தெற்கில் இருந்து சிங்களப் பிள்ளைகள் வருகிறார்கள். கிழக்கில் இருந்தும் மன்னாரில் இருந்தும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் வருகிறார்கள். வன்னியில் போர் பார்த்த வீடுகளில் இருந்து வருகிறார்கள். மலையகத்தில் இருந்தும் வருகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில். வகுப்பில் பெரும்பாலானவர்களுக்கு வீட்டில் பேசும் மொழி அது இல்லை.

இப்படி ஒரு வகுப்பின் முன் நிற்கும் ஆசிரியருக்கு முதல் நாளே ஒரு சிக்கல் வருகிறது. "சட்டத்தின் முன் எல்லோரும் சமம்" என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்வதைக் கரும்பலகையில் எழுதலாம். எழுதி முடித்துத் திரும்பினால், முன் வாங்கில் நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். நாலு பேருக்கும் நாலு சட்டம்!

நாலு பிள்ளைகள், நாலு வீடு

முதல் பிள்ளை யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண். அவளுடைய வீட்டுச் சொத்தை ஆளுவது தேசவழமை. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து எழுதியது. 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை அது பிரிக்கும். காணி விற்பதானால் பங்காளிக்கு முதலில் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் மணமான பெண், தன் பெயரில் உள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தப் பிள்ளை நாளைக்குச் சட்டத்தரணியாகி ஊராருக்கெல்லாம் உறுதி முடிப்பாள். தன் காணியை விற்க மட்டும் கணவனின் கையெழுத்துக்குக் காத்திருப்பாள்.

இரண்டாவது, முஸ்லிம் பிள்ளை. அவருக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். குடும்ப வழக்கு காதி நீதிமன்றத்துக்குப் போகும். வட மாகாணத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். தாத்தாவின் வீடு இருந்த ஊருக்கு அந்தப் பிள்ளை மாணவராகத் திரும்பி வருகிறார்.

மூன்றாவது, கண்டிப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. அவருக்குக் கண்டியச் சட்டம். தீக, பின்ன என்று இரண்டு வகைக் கலியாணம் அதில் உண்டு. பெண் கணவன் வீட்டுக்குப் போவது ஒன்று, கணவன் பெண் வீட்டுக்கு வருவது இன்னொன்று. அதற்கேற்பப் பரம்பரைச் சொத்தில் உரிமை மாறும்.

நாலாவது நம் பிள்ளை. அவளுக்கு எது? கண்டி இராச்சியத்து மலையில் இருநூறு வருடமாக இருக்கிறோம். ஆனாலும் கண்டியச் சட்டம் நமக்கு இல்லை. அது கண்டியச் சிங்களவருக்கு உரியது. தமிழ் பேசுகிறோம். ஆனாலும் தேசவழமை நமக்கு இல்லை. அது வடக்கை வாழ்விடமாகக் கொண்ட தமிழருக்கு உரியது. நமக்கு நாட்டின் பொதுச் சட்டம். ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன்-டச்சுச் சட்டமும், அதன் மேல் ஆங்கிலேயர் போட்ட கட்டளைச் சட்டங்களும்தான். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, மரண சாசனம் எழுதாமல் கணவன் இறந்தால் சொத்தில் பாதி மனைவிக்கு. மனைவி இறந்தால் பாதி கணவனுக்கு. நல்ல சட்டம்தான். தாய்மாரே, பாதி உங்களுக்கு என்று எழுதி இருக்கிறது. எதில் பாதி? லயத்துக் காம்பரா நம் பெயரில் இல்லை. காணி அரசாங்கத்தினுடையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. பின்பு நீண்ட காலக் குத்தகை. இதில் பாதி கேட்க நமக்கு முழுசாக ஒன்றும் இல்லை. ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கேட்டு நாம் ஏன் இத்தனை காலம் தொண்டை கிழியக் கத்துகிறோம் என்பதற்கு இந்த ஒரு சட்டம் போதும்.

ஒரு வகுப்பில் இந்த நாலு பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருப்பது பெரிய வாய்ப்பு. புத்தகத்தில் இருபது பக்கம் படித்தாலும் விளங்காதது, "உங்கள் வீட்டில் காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டால் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். ஒருத்தி அம்மா பெயரில் என்பாள். ஒருவர் அண்ணன்மார் பெயரில் என்பார். ஒருவர், உறுதி இருக்கிறது, ஆனால் காணியில் முகாம் இருக்கிறது என்பார். நம் பிள்ளை, "எங்கள் வீட்டில் உறுதி இல்லை" என்பாள். அந்த நாலு பதிலும் சேர்ந்ததுதான் இலங்கையின் காணிச் சட்டம். நாலாவது பதில் சொல்ல வகுப்பில் ஆள் இல்லாவிட்டால், மற்ற மூன்றோடு பாடம் முடிந்துவிடும். ஆசிரியர் கெட்டவர் என்பதால் அல்ல. கேட்கப்படாத ஒன்று கரும்பலகைக்கு வராது.

வாய் திறக்காத பிள்ளை

ஆனால் வகுப்பில் இருப்பது மட்டும் போதாது. வாய் திறக்கவும் வேண்டும். பல ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர் யாரும் கண்டிருப்பது இதைத்தான்: பேசப் பயப்படுகிற பிள்ளை, தெரியாத பிள்ளை போலவே தெரியும்.

நம் பிள்ளைக்குப் பயம் இரண்டு. ஒன்று ஆங்கிலம். தோட்டப் பாடசாலைகளை அரசு எழுபதுகளின் பிற்பகுதியில்தான் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதற்கு முன் ஒரு ஆசிரியர், ஒரு மடுவம், ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடை. அந்தக் குறையின் வால் இன்னும் அறுபடவில்லை. ஆங்கில ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகள் எத்தனை என்று இங்கே இருக்கும் பெற்றோருக்கே தெரியும்.

இரண்டாவது பயம், எங்கிருந்து வந்தாய் என்ற கேள்வி. ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வடக்கில் "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை நம் மக்கள் கேட்டிருக்கிறார்கள். நம் வறுமையில் எத்தனையோ சிறுவர் சிறுமியர் அங்கே வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போனார்கள். 1958, 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு வடக்குக்குப் போய்க் குடியேறிய நம் குடும்பங்கள், வன்னியில் பல இடங்களில் கூலியாகவே நின்றுவிட்டன. அதே நேரம், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நம் பள்ளிக்கூடங்களில் அறிவூட்டிய ஆசிரியர்களையும் மறக்க மாட்டோம். இரண்டும் உண்மை.

சாதி, வகுப்பு, ஊர் என்று ஒளிக்க வேண்டியது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று இருக்கிறது. தேசவழமைத் தொகுப்பிலேயே அடிமைகள் பற்றிய பகுதி இருந்தது. அதைப் படிப்பிக்கும்போது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் தலை குனியாமல் இருக்க வேண்டுமானால், ஆசிரியர் அதை எந்தக் குரலில் சொல்கிறார் என்பது முக்கியம். நம் லயங்களிலும் சாதி இல்லையா, சீதனம் இல்லையா? இருக்கிறது. அதனால்தான் சொல்கிறோம்: பல இடத்துப் பிள்ளைகளுக்குச் சட்டம் படிப்பிக்கிறவர், யாருடைய வீட்டையும் வேடிக்கைப் பொருளாக்காமல், எல்லா வீட்டையும் கேள்விக்கு எடுக்க வேண்டும்.

புத்தகத்தில் நாம் இருக்கிறோம்

இனிச் சொல்லப் போவதைப் பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். இந்த நாட்டில் அரசியலமைப்புச் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் தாண்ட முடியாத இரண்டு வழக்குகள் தேயிலை மலைகளில் இருந்தும் இறப்பர் மலைகளில் இருந்தும் போனவை.

ஒன்று, 1937இன் பிரேஸ்கேர்டில் வழக்கு. மடுல்கலையில் ரெலுகஸ் தோட்டத்துக்குத் துரை வேலை பழக வந்த வெள்ளைக்கார இளைஞர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். அவர் தொழிலாளர் பக்கம் நின்றார். நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் துரைமாரின் அநியாயத்தைப் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். பொலிஸ் பிடித்தது. ஆட்கொணர்வு மனு போனது. அந்த உத்தரவு சட்டப்படி செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லி அவரை விடுவித்தது. ஆட்சி செய்பவர் எவராயினும் சட்டத்துக்கு மேலே இல்லை என்பதற்கு இன்றும் படிப்பிக்கப்படும் வழக்கு அது.

இரண்டாவது, நம் எல்லோருடைய வழக்கு. பெயர், கோடக்கன் பிள்ளை எதிர் முதன்நாயக்க. ருவன்வெல்ல தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடக்கன் பிள்ளை கேட்டார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்துவிட்டன. நீர் பிரஜை இல்லை, வாக்கு இல்லை என்றார்கள். மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரம் பிள்ளையின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அப்போதைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் ஆக்கக்கூடாது என்றது. அதைத்தான் அவர் பிடித்தார். ஆனால் 1951இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை போனோம். 1953இல் அங்கேயும் தோற்றோம்.

ஏன் தோற்றோம்? தன் பிரஜை யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சாதாரண உரிமை என்றார்கள். அத்தோடு, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தால் விண்ணப்பிக்க வழி இருக்கிறது, ஆகவே கதவு மூடப்படவில்லை என்றார்கள்.

இந்தத் தீர்ப்பை அப்படியே வாசித்து மனனம் செய்ய வைக்கலாம். பரீட்சைக்கு அது போதும். இன்னொரு விதமாகவும் படிப்பிக்கலாம். "கதவு இருந்தது என்கிறார்கள். எவ்வளவு அகலம்?" என்று கேட்கலாம். சுமார் எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 134,000 பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது. பிறப்புப் பதிவு இல்லாத லயத்தில், தொடர்ந்து இத்தனை வருடம் இருந்தாய் என்று எழுத்தில் காட்டு என்றால் யார் காட்டுவது? எழுதப்படிக்கத் தெரியாதவரிடம் பத்திரம் கேட்பதும் கதவைச் சாத்துவதும் ஒன்றுதான்.

இந்த வழக்கை நாலு பிள்ளைகள் இருக்கும் வாங்கில் படிப்பித்துப் பாருங்கள். சிங்களப் பிள்ளை தன் பாடசாலை வரலாற்றுப் புத்தகத்தில் இந்தப் பக்கத்தை எவ்வளவு கண்டார் என்று யோசிப்பார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தன் ஊர்த் தலைமை இதே கேள்வியில் பிளந்ததை நினைப்பாள். ஜி.ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்தார். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்தப் பிரிவுக்கு முக்கிய காரணம் நம் குடியுரிமை. நம் பிள்ளைக்கோ அது தாத்தாவின் கதை. 1952 தேர்தலில் நம் பிரதிநிதி ஒருவரும் நாடாளுமன்றம் போகவில்லை. சௌமியமூர்த்தி தொண்டமான் மக்கள் வாக்கால் மறுபடி தெரிவானது 1977இல். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இங்கேயும் என்று எண்ணிப் பிரித்தது. கடைசி முடிச்சு அவிழ்ந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான்.

வழக்கின் பெயரில் நாம் இருக்கிறோம். வகுப்பில் நாம் இருக்கிறோமா என்பதே கேள்வி.

படிப்பிக்கிறவர் வழக்காடலாமா?

யாழ்ப்பாணச் சட்டத்துறையில் நடந்த இன்னொன்றையும் தொழிற்சங்கக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதன் தலைவராகவும் சிரேஷ்ட விரிவுரையாளராகவும் இருந்தவர் கலாநிதி குமாரவடிவேல் குருபரன். 1996இல் நாவற்குழியில் இராணுவத்தால் பிடிக்கப்பட்டுக் காணாமல் போன இளைஞர்களின் பெற்றோருக்காக அவர் நீதிமன்றத்தில் தோன்றினார். அதுவும் ஆட்கொணர்வு மனு. 1937இல் பிரேஸ்கேர்டிலை வெளியே கொண்டுவந்த அதே மனு.

பல்கலைக்கழக விரிவுரையாளர் எப்படி வழக்கில் தோன்றலாம் என்று இராணுவத் தரப்பில் இருந்து கேள்வி வந்தது. 2019இல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முடிவைத் தொடர்ந்து, அவர் சட்டத்தொழில் செய்யக்கூடாது என்று பல்கலைக்கழகப் பேரவை தடை போட்டது. 2020 ஜூலையில் அவர் பதவியை விட்டு விலகினார்.

பிள்ளைகளுக்கு நட்டம் எது என்று பாருங்கள். வைத்தியம் படிப்பிக்கும் பேராசிரியர் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளியைப் பார்க்கிறார். அதனால்தான் அவருடைய பாடத்துக்கு உயிர். சட்டம் படிப்பிக்கிறவர் மட்டும் நீதிமன்றப் படி ஏறக்கூடாது என்றால், பிள்ளைகள் மனுவைப் புத்தகத்தில் மட்டும்தான் பார்ப்பார்கள். நிரந்தர வேலை, மாதச் சம்பளம், நல்ல பெயர் எல்லாம் இருக்கிறவருக்கே ஏழையின் வழக்கை எடுத்தால் இந்த நிலை என்றால், நம் லயத்தில் இருந்து போகும் பிள்ளைக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு அமைப்பு இருக்க வேண்டும். அதற்குத்தான் சங்கம்.

மொழி ஒரு வேலி

சட்டமாணி படித்தவரும் சட்டத்தரணி ஆவதற்குக் கொழும்பில் இலங்கைச் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளைத் தாண்ட வேண்டும். 2020 டிசம்பரில் ஒரு வர்த்தமானி வந்தது. சட்டக் கல்லூரிப் பரீட்சை ஆங்கிலத்தில் மட்டும் என்றது. எதிர்ப்புக் கிளம்பியது. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் தமிழ்க் கிராமத்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே பக்கம் நின்ற விஷயம் அது.

ஆங்கிலம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். மேல் நீதிமன்றங்களின் பழைய தீர்ப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் விளக்கி, சிங்களத்தில் பேசத் தெரிந்த சட்டத்தரணிதான் மலையகத்துக்கு வேண்டும். மொழியை ஏணியாகக் கொடுங்கள், வேலியாகப் போடாதீர்கள் என்றுதான் கேட்கிறோம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, தமிழிலும் வழக்குத் தொடரலாம், மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்புப் பெற உரிமை உண்டு என்கிறது. இனி எந்த அலுவலகத்திலும் விளங்காத தாளை நீட்டி "கையெழுத்துப் போடு" என்றால், "வாசித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். விளங்கும் வரை கையெழுத்து வேண்டாம்.

நம் பிள்ளைக்காம்பரா வகுப்பு

யாழ்ப்பாணத்து வகுப்பில் பார்த்ததை ஞாயிற்றுக்கிழமை நம் வகுப்பிலும் செய்கிறோம். இங்கேயும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. முப்பது வருடம் கொழுந்தெடுத்த அம்மா இருக்கிறார். கொழும்புக் கடையில் நின்று திரும்பி வந்த தம்பி இருக்கிறார். உயர்தரம் படிக்கும் தங்கச்சி இருக்கிறாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தன் சம்பளத் துண்டில் எந்த மாதம் எத்தனை பேர் விழுந்தது என்று மனதில் இருக்கிறது. தங்கச்சிக்கு எழுத்துத் தெரியும். சம்பளத் துண்டு விளங்காது. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினால் பாதிப் பாடம் நடந்துவிடும்.

அந்தப் பாடத்தில் இருந்து சிலதை இங்கேயும் சொல்லி வைக்கிறோம். தலைவிமார் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

பணிக்கொடை: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடம் வேலை செய்து முடித்திருக்க வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். 1350 ரூபாய் என்று வைத்து இருபது வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால், 14 நாளுக்கு 18,900. இருபதால் பெருக்கினால் 378,000 ரூபாய். வேலை நின்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

சேமலாப நிதி: தொழிலாளி 8 வீதம், கம்பனி 12 வீதம். மாதம் 20 நாள் வேலை செய்து 27,000 ரூபாய் எடுத்தால், உங்கள் பங்கு 2,160, கம்பனிப் பங்கு 3,240. மொத்தம் 5,400 உங்கள் பெயரில் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி வேறாக 3 வீதம், அதாவது 810 ரூபாய், போட வேண்டும். உங்கள் சம்பளத்தில் அதை வெட்ட முடியாது.

வேலை நிறுத்தப்பட்டால்: தொழில் நியாயசபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "துரை திரும்ப எடுப்பதாகச் சொன்னார்" என்று காத்திருந்து நாள் கடந்து வருகிறவர்கள்தான் அதிகம். சொன்ன வார்த்தைக்காகக் காத்திருக்கலாம். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

இந்த மூன்றும் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பிரிவிலும் இருந்தால், நம் மாவட்டக் காரியாலயத்துக்கு வரும் முறைப்பாடுகளில் பல, தோட்டத்திலேயே முடிந்துவிடும்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, தாய்மாரே, நான்கு வேண்டுகோள்களோடு முடிக்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் தோட்டத்தில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து வைக்க வேண்டும். சட்டம் என்றொரு படிப்பு இருக்கிறது, யாழ்ப்பாணத்தில், கொழும்பில், பேராதனையில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பிலேயே தெரிய வேண்டும்.

இரண்டு, ஆங்கிலம். பாடசாலையில் ஆசிரியர் வரும் வரை காத்திருக்க முடியாது. ஆசிரியரை நியமிக்கும்படி கல்வி வலயத்தைக் கேட்போம். அதே நேரம் ஞாயிறு வகுப்பில் ஒரு மணித்தியாலம் ஆங்கிலத்துக்கு ஒதுக்குவோம்.

மூன்று, யாழ்ப்பாணமோ வேறு இடமோ, தூரம் போகிற பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்டு மறந்துவிடக் கூடாது. முதல் வருடம்தான் பிள்ளை உடைகிற வருடம். விடுதிக் காசும் புத்தகக் காசும் போலவே, மாதம் ஒரு தடவை ஒரு பேச்சும் வேண்டும். பெண் பிள்ளை என்றால் "தூரம்" என்று மறிக்காதீர்கள் அம்மா. உங்கள் தாய்மார் கடல் தாண்டி வந்தவர்கள்.

நான்கு, படித்துப் போகும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம். ஊர் திரும்பும் விடுமுறையில் பிள்ளைக்காம்பராவில் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். எங்கிருந்து வந்தாய் என்று அங்கே கேட்டால் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

கோடக்கன் பிள்ளை இலண்டன் வரை போய்த் தோற்ற வழக்கை வேறு யாரோ படிப்பிக்க, வேறு யாரோ படிக்கிற காலம் இருந்தது. அவருடைய வழக்கைத் திருநெல்வேலியில் படிக்கும் பேத்திகள் இனிக் கூட வேண்டும். பிறகு ஒரு நாள், அதைப் படிப்பிக்கும் பேத்தியும் வேண்டும். தலைவர்மாரே, அந்தப் பெயர்ப் பட்டியல் அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து சேர வேண்டும்.